கடைமடையில் ஒரு யூசர் மாடல்

ஜூன் 9
அப்பா ஆஸ்பத்திரியில். அவர் போன் என்னிடம்தான் இருக்கிறது. காலையிலிருந்து பதினொரு அழைப்புகள். ஒருவரும் உடம்பைக் கேட்கவில்லை. மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

சங்கத்தின் விதைநெல் பதிவுத் தளம் அப்படியே கிடக்கிறது. பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவில்தான் எழுதுகிறேன். அதில் முதல் மைக்ரேட்டுக்கு, அதாவது தரவுத்தளத்தில் அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைக்கு, முன்பே யூசர் மாடலை, பயனர் கணக்கில் என்னென்ன இருக்கும் என்ற வரையறையை, நம்முடையதாக்கிவிட வேண்டும். போன வேலையில் நான்கு மாதம் கழித்து மாற்றப்போய், அட்மின் பகுதியின் மைக்ரேஷன் முந்திக்கொண்டு ஓடிவிட்டது என்று ஜாங்கோ அடம்பிடிக்க, தரவுத்தளத்தையே பிரித்து மேய்ந்தேன். இனி அந்தப் பாடு வேண்டாம்.

ஜூன் 10
பெரிய டாக்டர் வரவில்லை.

ஜூன் 11
எங்கள் ஊரில் யூசர்நேமை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? போன் எண்தான் சரி. ஜாங்கோ தரும் அடிப்படை மாடலான அப்ஸ்ட்ராக்ட் யூசரை எடுத்து, யூசர்நேமை நீக்கி, எண்ணை வைத்தேன். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கை உருவாக்கப்போனால் யூசர்நேம் எங்கே என்கிறது. கணக்குகளை உருவாக்கும் மேனேஜர் என்ற நிரல் பகுதியையும் நாமே எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் மறக்கிறேன். எழுதி முடித்தபோது வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தூக்கிவிட்டேன். அப்பாவுக்கு எது கடைசிப் பெயர்? முன்னெழுத்தாக நிற்கும் தாத்தாவா? இங்கே சீட்டைப் பார்த்துத் தாத்தா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "மூணாறு தலைப்புக்கு வரட்டும், பார்க்கலாம்" என்றார். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடம் அது.

ஜூன் 13
சித்தப்பா அழைத்தார். "தம்பி, அந்தப் போனுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், சொல்லப்பா." சொன்னேன். அரை மணி கழித்து எதிர்வீட்டு அத்தைக்கு ஒன்று. இத்தனை நாளும் மூன்று பேருக்கும் அப்பாவின் எண்தான்!

நான் அந்த எண்ணை யூனிக், ஒரு எண்ணுக்கு ஒரே கணக்கு, என்று போட்டிருக்கிறேன். அப்பா பதிந்தால் மற்ற இருவருக்கும் இடமில்லை. யூனிக்கை எடுத்தால் ஜாங்கோவே விடாது: எதை வைத்து நுழைகிறோமோ அது தனித்து இருந்தாக வேண்டுமாம். தூக்கம் வரவில்லை.

ஜூன் 14
கணக்கு வேறு, விவசாயி வேறு. யூசரில் எண்ணும் கடவுச்சொல்லும் போதும். பெயர், பட்டா, சர்வே எண் எல்லாம் தனி மாடல். ஒன்றுக்கு ஒன்று உறவு ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற ஊருக்கு. எங்களுக்கு ஒரு கணக்கின் கீழ் பல விவசாயிகளை இணைக்கும் ஃபாரின் கீதான். நுழைந்ததும் மூன்று பெயர் தெரியும், யாருக்கு விதை என்று தொட வேண்டும்.

அப்படியானால் அத்தை எத்தனை மூட்டை வாங்கினார் என்பது சித்தப்பாவுக்கும் தெரியும். அவர்களுக்குள் வரப்புச் சண்டை வேறு.

ஜூன் 15
கல்லணையும் திறந்தாயிற்று. அப்பா கஞ்சி குடிக்கவில்லை. நாளைக்கு என்கிறார்கள்.

ஜூன் 16
ஆறு மணிக்கே அப்பாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். மைக்ரேட் என்று தட்டி வைத்திருக்கிறேன், என்டர் அழுத்தவில்லை. அத்தைக்குத் தனி எண் வாங்கிக் கொடுத்துவிட்டால்? போன் அடிக்கிறது. தண்ணீர் நீடாமங்கலம் தாண்டியதா என்று யாரோ