பால்மறந்த குழந்தையும் என் குரூப் 4 தேர்வும்

2022 ஜூலையில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எழுதிவிட்டு வந்த இரவு நான் தூங்கவே இல்லை. டெலிகிராமில் வந்த விடைக்குறிப்பை எல்லாம் வைத்து மார்க் கூட்டிக்கொண்டே இருந்தேன். கூட்டும்போதெல்லாம் வேறு வேறு கணக்கு வந்தது. கடைசியில் தரவரிசையில் வெகு கீழே போயிருந்தேன். காரணம் எனக்குத் தெரியும். 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வரும் என்று தெரிந்தும், டிகிரி படித்துவிட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்து உட்காரக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பைபிளில் சங்கீதம் 131 என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்றே வசனம். இருதயத்தில் இறுமாப்பு இல்லை, எனக்கு மிஞ்சின காரியங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, பால்மறந்த குழந்தையைப்போல ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறது. அது எனக்கு அக்கா வீட்டில்தான் விளங்கியது. அவள் மகனுக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டாள். மூன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. சேலையைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதான். பத்து நாள் கழித்துப் போனபோது அதே மடியில் கன்னத்தைச் சாய்த்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா படுத்திருந்தான். பால் கேட்கவில்லை. அம்மா இருக்கிறாள், போதும்.

என் ஜெபம் அதுவரை பாலுக்கு அழுகிற ஜெபமாகத்தான் இருந்தது. வேலை கொடும், கட்-ஆஃப் குறையட்டும். மெல்ல மெல்லத்தான் மாறினேன்.

மாறியதும் முதலில் செய்தது ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்ததுதான். ஆறு முதல் பத்து வரை, புத்தக வினாக்களோடு இரண்டு முறை முடியுங்கள். தமிழின் 100 கேள்விக்கு 150 மார்க்; அதில் 60 வராவிட்டால் மீதித் தாளை மதிப்பிடவே மாட்டார்கள். கணக்கில் தனிவட்டி, கூட்டுவட்டி எனக்கு வராது. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தங்கச்சியிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, ஃபார்முலாவை விடுங்க, ஒவ்வொரு வருஷமா போட்டுப் பாருங்க" என்றாள். ஒரே வாரத்தில் பயம் போய்விட்டது. சின்னவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள், தயவுசெய்து.

இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுவேன். மீதியை ஆண்டவரிடம் விட்டுவிட்டுப் படுப்பதும் விசுவாசம்தான் என்று உண்மையாகவே நம்புகிறேன். எத்தனை காலியிடம், எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மிஞ்சின காரியம். பாடத்திட்டம் மட்டும் என் பங்கு.

2024 ஜூன் 9 அன்று தேர்வறையிலும் அதே வசனம்தான். 180 நிமிடத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வராத கணக்கோடு மல்லுக்கட்டவில்லை. குறித்து வைத்துவிட்டுத் தாண்டினேன். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து யோசித்து நிரப்பினேன்.

இந்த முறை வேலை கிடைத்தது. ஆனால் அமைதி அதற்கு முன்பே வந்துவிட்டது. தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் பாயை விரித்துச் சாயங்காலம் வரை தூங்கினேன். தேர்வாணையத்தின் உத்தேச விடைக்குறிப்பு வந்த பிறகுதான் வினாத்தாளைக் கையில் எடுத்தேன்.