சா சீத்தா என்றால் எத்தனை மணி?

தான்சானியாவின் மொரோகோரோ நகரம், தார் எஸ் சலாமிலிருந்து மேற்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், உலுகுரு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. அதன் புறநகரில் உள்ள ஒரு சிறிய சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் சன்னலில், தன்னார்வப் பணியாளராக ஓராண்டு இருந்தேன். புறப்படும் முன் அங்கே பேசும் சுவாஹிலி மொழிக்கென்று ஒரு மாதம் ஒதுக்கிப் பாடம் படித்திருந்ததால், மாத்திரை உறையில் எழுதும் 'குத்வா மாரா தாத்து', அதாவது 'ஒரு நாளைக்கு மூன்று வேளை', எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு தாய், மலேரியா உறுதியான தம் மகனுடன் வந்தார். ம்செத்தோ என்று அங்கே எல்லோரும் அழைக்கும் கூட்டு மருந்து மூன்று நாளில் ஆறு வேளை தரப்படுவது. முதல் வேளைக்கும் இரண்டாவதுக்கும் இடையே எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு முதல் வேளையை எங்கள் முன்னிலையிலேயே கொடுக்கச் செய்துவிட்டு, அடுத்ததை மாலை ஆறு மணிக்குக் கொடுங்கள் என்று சொல்வதாக எண்ணி, 'சா சீத்தா, கிடோங்கே ம்பீலி' என்றேன். அவர் வெளியே வெயிலை ஒருமுறை பார்த்தார். இன்னும் இரண்டு மணி நேரத்திலா என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த செவிலியர் உடனே குறுக்கிட்டுத் திருத்தினார். சீத்தா என்றால் ஆறுதான். ஆனால் சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமது காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி, ஆகவே சா சீத்தா என்பது நண்பகல் பன்னிரண்டு. நான் சொல்லியிருக்க வேண்டியது 'சா குமி நா ம்பீலி', பன்னிரண்டாம் மணி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே விடிகிற நாட்டில் இதைவிட இயல்பான கணக்கு இருக்க முடியாது. ஜாதகத்தில் உதயாதி நாழிகை, அதாவது சூரிய உதயத்திலிருந்து எண்ணும் நேரம், எழுதிய வீட்டில் வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கமாக இருந்தது. அதன்பின் கடிகாரத்தில் சிறிய முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படிக்கப் பழகிக்கொண்டேன்: பத்துக்கு எதிரே நான்கு, ஆறுக்கு எதிரே பன்னிரண்டு.

இரண்டாவது பிழை அவ்வளவு ஆபத்தானதல்ல, ஆனால் வரிசையில் நின்றவர்களை அதுதான் சிரிக்க வைத்தது. ஒரு மாத்திரை கிடோங்கே. இரண்டு என்றால், நான் சொன்னதுபோல் கிடோங்கே ம்பீலி அல்ல, விடோங்கே விவீலி. பெயரின் முன்னொட்டு மாறும்போது எண்ணும் கூடவே மாற வேண்டும். மனிதருக்கு இருவர், பொருளுக்கு இரண்டு என்று பிரிக்கும் தமிழிலிருந்து போனவனுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. நமக்குத் திணை இரண்டு, அவர்களுக்கோ பத்துக்கும் மேல், அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கி வரும் முதியவர்கள் சிலருக்கு லுகுரு தாய்மொழி, சுவாஹிலி பள்ளிக்கூடத்திலோ சந்தையிலோ கற்றது. அவர்கள்தான் என் பிழைகளை மிகப் பொறுமையாகக் கேட்டார்கள்.

மாலையில் சந்தைக்குப் போய்க் கீரை விற்கும் அம்மாளிடம் பேசிப் பழகினேன். அவர் ம்சிச்சா என்று விற்றது நம் தண்டுக்கீரையின் இனம். தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மக்காச்சோள மாவில் கிளறிய உகாலியுடன் சாப்பிட்டால், சோற்றை நினைத்து ஏங்க நேரமிருக்காது. விலை கேட்கும் முன், வயதில் மூத்த அவருக்கு 'ஷிகமோ' சொல்ல வேண்டும். அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகே கீரைக்கு விலை உண்டு.

மருந்துச் சன்னலிலும் அதே ஒழுங்குதான். வேலை தெரிந்தவன் நேராக விஷயத்துக்கு வருவான் என்ற என் பழக்கம் அங்கே மரியாதைக் குறைவாகப் பட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. காலை எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்க வேண்டும். காய்ச்சலில் நடுங்குபவர்கூட முதலில் 'ன்சூரி', நலம் என்றுதான் சொல்வார், அதன்பிறகே நோய் வெளியே வரும். அந்த அரை நிமிடத்தை நான் விட்டுவிட்ட நாட்களில், வீட்டில் வேறு மருந்து உட்கொள்வதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் அந்தத் தாய் மகனோடு வந்தார். பையன் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். நலம் விசாரித்து முடித்ததும் அவர், 'போலே நா காசி' என்றார். வேலையில் படும் பாட்டுக்கு ஆறுதல் என்று அதற்குப் பொருள். தடுக்கி விழுந்தவருக்கும், பயணம் செய்து வந்தவருக்கும், உழைப்பவருக்கும் அந்தப் போலே பொதுவானது. தமிழில் இதற்கு நிகராக ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே 'அசாந்தே' என்று நன்றி சொன்னேன். வரிசையில் அடுத்து இருந்தவர் நெற்றியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி சன்னலுக்கு வந்தார். காலை எப்படி என்று கேட்டேன். ன்சூரி என்றார்.