ரயில்வே கேட்டை இடித்தால் சிக்னலுக்கு என்ன ஆகும்?

மணி அடித்துக்கொண்டே இறங்கும் கேட்டுக்குள் முந்திப் புகுந்து, பூமை, அதாவது சாலையை மறிக்கும் தடுப்புக் குழாயை, வளைத்துவிட்டு நிற்காமல் போகும் ஓட்டுநர்கள் பலர், ‘ஒரு பைப்தானே, வேற மாட்டிக்குவாங்க’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்டர்லாக் செய்த கேட்டில், அதாவது கேட் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும்படி இணைத்த கேட்டில், அந்தப் பைப் ரயில் சிக்னலோடு பிணைந்த பாகம். இடித்தது ஒரு தவறு. சொல்லாமல் ஓடுவது அதைவிடப் பெரிய தவறு.

வின்ச் வைத்த கேட்டை எடுத்துக்கொள்வோம். கேட் கீப்பர் கைப்பிடியைச் சுற்றினால், கம்பிக் கயிறு வழியாக இரண்டு பக்கப் பூமும் சேர்ந்து இறங்கும். பூமின் நுனி எதிர்ப்பக்கக் கம்பத்தில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டு சரியாக விழுந்த பிறகே கேட் சாவி வெளியே வரும். அதைக் கேட் அறையில் உள்ள கருவியில் போட்டால்தான் ரயிலுக்கான கேட் சிக்னலைப் பச்சையாக்க முடியும். சிக்னல் கொடுத்துவிட்டால் ரயில் கடக்கும் வரை சாவி மறுபடி கைக்கு வராது. “ரயிலே காணோம், ஒரு நிமிஷம் திறந்து விடுங்கண்ணே” என்று கேட் கீப்பரிடம் சண்டை பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மனம் வைத்தாலும் திறக்க முடியாதபடிதான் அந்த அமைப்பு இருக்கிறது.

இப்போது மூடிய கேட்டில் ஒரு வண்டி இடிக்கிறது. நுனி பூட்டை விட்டு விலகியதும் மின்சுற்று அறுந்து, பச்சையாக இருந்த சிக்னல் சிவப்புக்குத் திரும்பிவிடும். ரயில் அந்த சிக்னலுக்கு முன்னால் இருந்தால் பிழைத்தோம். ஏற்கெனவே தாண்டியிருந்தால் அந்தச் சிவப்பால் பயனில்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டிருந்தால் கேட் கீப்பர் சிவப்புக் கொடியும் பட்டாசும் (தண்டவாளத்தில் வைத்தால், ரயில் சக்கரம் ஏறியதும் வெடித்து லோகோ பைலட்டை எச்சரிப்பது) எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. ஒற்றை ஆளாக, இரவிலும், ஜல்லி மேல் ஓடியபடி அவர் இதைச் செய்ய வேண்டும். இரட்டைப் பாதை என்றால் எந்தத் தடத்தில் முதலில் ரயில் வரும் என்பதையும் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டும்.

இடிக்கும் விதங்களில் அடிக்கடி நடப்பது, இறங்கும் பூமுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டு வால் மாட்டிக்கொள்வது. கரும்பு டிராக்டர், நீளமான டிரெய்லர், மேலே சாமான் கட்டிய வேன் எல்லாம் இதில் சேர்த்தி. கேபின் கடந்ததும் வண்டியே கடந்துவிட்டது என்று ஓட்டுநர் கணக்குப் போடுகிறார். பின்னால் வரும் பெட்டி பூமை இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்தது, கேட் மூடியிருக்கும்போது எதிர்த்திசைப் பாதியிலும் ஏறி வரிசை கட்டுவது. இரண்டு பக்கமும் இப்படி நின்றால், திறந்ததும் நடுத் தண்டவாளத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அடுத்த ரயிலுக்குக் கேட் போட முடியாது. நெருக்கிப் போடும்போது யாராவது பூமில் இடிப்பார்கள். மேட்டில் ஏறும் அணுகு சாலையில் பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு வந்து இடிப்பதும் உண்டு.

மின்மயப் பாதைகளில் கேட்டுக்கு வெளியே சாலையின் குறுக்கே நிற்கும் உயரத் தடுப்பு தனிக் கதை. அதன் உயரம் 4.67 மீட்டர். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அந்த அளவு மின்சாரம் தொட்டால்தான் பாயும் என்றில்லை, இடைவெளி குறைந்தாலே தாவும். வைக்கோல் பாரம் அந்தத் தடுப்பில் உரசினால் இறங்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, ஆள் மேலே ஏறி அமுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையவே கூடாது.

இடித்த பிறகு கேட் எப்படி ஓடுகிறது? பல இன்டர்லாக் கேட்டுகளில் பக்கவாட்டில் தள்ளி மூடும் அவசரப் பூம் ஒன்று இருக்கும். அதை மூடிப் பூட்டினால் அதன் சாவியை வைத்து சிக்னல் கொடுக்கலாம். அது இல்லையென்றால் சங்கிலி, பூட்டு, கைக்கொடி. கேட் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத் தகட்டில் கறுப்பு ‘ஜி’ இருந்தால், லோகோ பைலட் சிவப்பில் நிறுத்தி, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, கேட் வரை மெதுவாக ஊர்ந்து வந்து, கேட் கீப்பர் கொடி காட்டிய பிறகே கடப்பார். பழுது சரியாகும் வரை ஒவ்வொரு ரயிலுக்கும் இதே கதை. காலை நேரத்தில் ஒரு பூம் வளைந்தால் பின்னால் வரும் வண்டிகளெல்லாம் தாமதமாகும்.

பழுது பார்ப்பது வளைந்த குழாயை நிமிர்த்துவதோடு முடியாது. இரண்டு பூமும் ஒரே வின்ச்சில் இருப்பதால் ஒன்றில் விழுந்த அடி கயிறு வழியாக மற்றதையும் பாதிக்கும்; கயிறு கப்பியை விட்டு நழுவி, எதிர்ப்பக்கப் பூம் பாதியில் தொங்கும். பீடத்தின் போல்ட்டு, காங்கிரீட் அடித்தளத்தில் விரிசல், எதிர் எடையின் சமன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புதுப் பூமின் எடை மாறினால் எதிர் எடையும் மாற வேண்டும், இல்லையென்றால் கைப்பிடி கனக்கும் அல்லது பூம் தானாகவே விழும். கடைசியாக இரண்டு சோதனை: கேட் திறந்திருக்கும்போது சிக்னல் வரக் கூடாது, சிக்னல் கொடுத்திருக்கும்போது கேட் திறக்கக் கூடாது. இரண்டும் தேறி, கேட்டை மறுபடி சிக்னலோடு இணைத்தாயிற்று என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் ரீகனெக்‌ஷன் மெமோ எழுதிக் கொடுத்த பிறகுதான் கேட் பழைய நிலைக்கு வரும். கயிற்றால் கட்டி நிறுத்திய பூம் பார்வைக்கு மூடியதுபோல் இருந்தாலும் அது பூட்டிய கேட் ஆகாது.

இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே பூம் உடைந்தால் எந்த சிக்னலும் தானாகச் சிவப்பாகாது. ஸ்டேஷனுக்கும் கேட்டுக்கும் இடையே தொலைபேசியும், கேட் மூடியதை உறுதிப்படுத்தச் சொல்லும் ரகசிய எண்ணான பிரைவேட் நம்பரும் மட்டும்தான். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தது இப்படி இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். அங்கே யாரும் கேட்டை இடிக்கவில்லை. ஆனால் மனிதர் தவறினால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை என்பதைக் காட்டியது அது. அதன் பிறகே, இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவுகோலை 20,000-லிருந்து 10,000 டி.வி.யு.வாக (ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கிய கணக்கு) ரயில்வே குறைத்தது. அளவுகோலைக் குறைத்தால் மட்டும் போதாது, வேலையும் வேகமாக முடிய வேண்டும்.

சட்டமும் லேசானதல்ல. மூடிய கேட்டை உடைத்தால் 1989 ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. அதற்குப் பயந்து ஓடுபவர்களுக்கு ஒன்று: ரயில்வே கேட்டும் மூன்றாம் நபர் சொத்துதான். காப்பீட்டில் இதற்கு இடம் உண்டா என்று உங்கள் பாலிசியைப் பாருங்கள்; விபத்தை மறைத்தவருக்கு அந்த வழியும் சிக்கலாகும்.

ஆகவே பூமில் பட்டுவிட்டால், வண்டியைத் தண்டவாளத்தை விட்டு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு நேராகக் கேட் கீப்பரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு பூமுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ரயிலும் நெருங்குகிறது என்றால், பூமை இடித்துக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள். வண்டி நகரவில்லையா? உள்ளே இருப்பவர்களை இறக்கித் தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் போகச் சொல்லுங்கள், கேட் கீப்பரைக் கூப்பிடுங்கள். அவர் கண்ணில் படவில்லையென்றால் 139-க்கு அழைத்து, கேட் எண்ணையும் பக்கத்து ஸ்டேஷன் பெயரையும் முதலில் சொல்லுங்கள்.