தாத்தா வீட்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடம்

கும்பகோணத்தில் தாத்தா விட்டுப்போன இரட்டைக்கட்டு வீட்டில் மண், தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைக்கப் போகிறேன் என்றதும், "இடிச்சுட்டுக் கான்கிரீட்ல கட்டு" என்று சொல்லாதவர்கள் குறைவு. 2 அடி கனச் சுவர், தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். இடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பிடித்த ஒப்பந்தக்காரர் வீட்டுக் கூடத்துச் சுவரில் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். ஐப்பசி மழை முடிவதற்குள் பூச்சு உப்பிக்கொண்டது. வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பிறகு வந்த வயதான கொத்தனார் பார்த்த உடனே, "சுவரு மூச்சு முட்டிக் கெடக்கு தம்பி, மொதல்ல இதக் கொத்தி எடுக்கணும்" என்றார். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டு அரைத்துப் பூசினார். அதற்கப்புறம் மூன்று ஐப்பசி போய்விட்டது, ஒரு பொட்டு உப்பு இல்லை.

கட்டட அனுமதிக்கு அலைந்தது ஏழு மாதம். அதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட்தான். மண்ணில் அங்ககக் கரிமம் (மட்கிய இலைதழையிலிருந்து சேரும் கார்பன்) பார்க்க, பொட்டாசியம் டைகுரோமேட்டோடு அடர் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். குடுவை கொதிக்கக் கொதிக்கச் சுடும், ஆவி கிளம்பும். அதை இழுக்க ஹூட்டின் வாயில் காற்று நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். கூடத்தில் வைத்தால் தளத்தைத் துளைக்கணும், குறுக்கே உத்தரம். அம்மாதான் சொன்னார்: "அடுப்படில புகைபோக்கி சும்மாதானே இருக்கு?" அங்கேயே வைத்தோம். அமில ஆவி சுண்ணாம்பை அரித்துவிடும் என்பதால் புகைபோக்கிக்குள் பிவிசி குழாய் இறக்கி, கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டோம். ஹூட் ஏசி அறைக்கு வெளியே இருப்பதால் குளிர்ந்த காற்றை அது வாரிக்கொண்டு போவதும் இல்லை. ஏசியே கருவிகள் இருக்கும் ஓர் அறைக்குத்தான். மற்ற இடங்களுக்கு முற்றத்துக் காற்று போதும்.

0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, தெருவில் டவுன் பஸ் போனாலே கடைசி இலக்கத்தில் தடுமாறியது. அதை நெல் கொட்டிவைத்த உள்ளறைக்கு மாற்றி, சுவரில் ஒட்டாத செங்கல் தூண்கள் மேல் கருங்கல் பலகை போட்டு வைத்தோம். தடுமாற்றம் நின்றுவிட்டது.

டைகுரோமேட் கழிவு மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கொல்லைக் குழியில் விழக்கூடாது. குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும். தனி கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கிறோம்.

பரிசோதனைக்கு வரும் மண்ணை வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும். அதற்குத் தாழ்வாரத்தைப் போல ஓர் இடம் புதுக் கட்டடத்தில் அமைந்திருக்குமா தெரியவில்லை. குறுவை அறுத்த கையோடு வந்தவர்களின் மண் இப்போது வரிசையாகக் காகிதத்தில் பரப்பிக் கிடக்கிறது. நாளைக்கு மரச்சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும்.