லைனரைக் கழற்றும் முன்

பழைய லாரி பட்டறைக்கு வந்தால் முதலில் காதில் விழுவது, "பிரேக் நிக்கல, லைனர் மாத்திடுங்க" என்பதுதான். லைனர் என்பது பிரேக் ஷூவின் மேல் இருந்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை உரசி நிறுத்தும் பட்டை. ஏர் பிரேக் வண்டிகளில் புது லைனர் போட்டும் குறை தீராமல் திரும்பி வருபவை உண்டு. அதனால் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் அளவுகோலை எடுப்பது நல்லது.

முதலில் அளக்க வேண்டியது புஷ் ராடின் ஓட்டம்: பெடலை மிதிக்கும்போது, காற்றழுத்தம் பெறும் பிரேக் சேம்பரிலிருந்து அந்தத் தண்டு வெளியே வரும் தூரம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஏர் டேங்கில் 6 முதல் 7 கிலோ (ஏறக்குறைய அதே அளவு பார்) அழுத்தம் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, சேம்பரை ஒட்டி ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். டைப் 30 (இந்த எண் சேம்பரின் அளவைக் குறிக்கும்) சாதாரண சேம்பரில் இது 50 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. டைப் 24-இல் 45. ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இந்த அளவுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் மலைப்பாதை போன்ற இறக்கத்தில் டிரம் சூடாகி விரிகிறது. 410 மி.மீ. டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் சுமார் 0.9 மி.மீ. கூடும். கேம் (ஷூவை விரிக்கும் பாகம்), ஸ்லாக் அட்ஜஸ்டர் (புஷ் ராடையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கை) வழியாக வரும்போது அது புஷ் ராடில் பல மடங்காகப் பெருகுகிறது. பட்டறையில் 50-இல் நின்ற ராடு, இறக்கத்தில் சேம்பரின் எல்லையையே முட்டிவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் ஷூவுக்கு அழுத்தம் போகாது.

கையால் திருகும் ஸ்லாக் அட்ஜஸ்டரானால், சக்கரத்தைத் தூக்கி, ஷூ டிரம்மைத் தொடும் வரை போல்ட்டைத் திருகி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்தினால் போதும். தானியங்கி அட்ஜஸ்டரில் இதையே பழக்கமாக்கக் கூடாது. அது தானாக இறுக்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் கேம் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினாலே தேய்மானம் தெரியும். புஷ் ஆடும்போது லைனரை மட்டும் மாற்றுவது காசுக்குப் பிடித்த கேடு. இன்னொன்று: கிரீஸ் அடிக்கிறேன் என்று அளவுக்கு மீறி அடித்தால், சீல் தாண்டி லைனரில் போய் நிற்கும்.

ஏர் கசிவில் காதை முழுக்க நம்ப முடியாது. முழு மிதியில், இன்ஜின் நின்ற நிலையில், ஒரு நிமிடத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் தேட வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சேம்பரில் சீறினால் உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. மிதிக்காதபோது ரிலே வால்வின் (பெடலுக்கு ஏற்ப சேம்பருக்குக் காற்றை விட்டு வெளியேற்றும் வால்வு) வெளியேற்றும் துளையில் சீறினால் பலரும் வால்வை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுப் பார்க்கலாம். சத்தம் நின்றால் வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஸ்பிரிங் சேம்பரின் (காற்று வெளியேறினால் ஸ்பிரிங் பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கும் சேம்பர்) நடுச்சீல்தான் போயிருக்கிறது. அங்கிருந்து நழுவும் காற்று சர்வீஸ் லைன் (பெடல் பிரேக்கின் காற்றுக் குழாய்) வழியே திரும்பி வந்து இங்கே சீறுகிறது. அந்தச் சேம்பரின் ஸ்பிரிங் பக்கக் கிளாம்பை மட்டும் எந்த அவசரத்திலும் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும். சேம்பரை இறக்குவதாக இருந்தாலும், முதலில் கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மிதியை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் ஒட்டுகிறது என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங், இறுகிய ரோலர், வறண்ட புஷ் இவற்றைப் பார்த்த பிறகு ரப்பர் ஹோஸையும் சந்தேகிக்கலாம். வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உரிந்து, காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் வடிகாலில் எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் ரிங்கைப் பார்க்க வேண்டும்; அந்த எண்ணெய் வால்வு ரப்பர்களையும் உப்பவைக்கும்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத சாலையில் சில முறை மிதமாகப் பிரேக் போட்டு ஓட்டி, எல்லா டிரம்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்க்க வேண்டும். ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாக, மற்றது குளிர்ந்து இருந்தால், பிரேக் போடாதது அந்தக் குளிர்ந்த சக்கரம்தான்.