விடுதிக் குறிப்புகள், 2021

ஏப்ரல் 21, புதன்

நாசிக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் டேங்கர் லாரியிலிருந்து ஆக்சிஜன் நிரப்பும்போது கசிந்துவிட்டது. 22 பேர் போய்விட்டார்கள். கட்டிலில் படுத்திருந்தபடியே.

ஏப்ரல் 23, வெள்ளி

இன்று மும்பைப் பக்கம் விராரில் ஒரு ஆஸ்பத்திரி. அதிகாலையில் ஐசியூ ஏசியில் பிடித்த தீ. 13 பேர். மாடியிலிருந்து இறங்க இன்னொரு படி இருந்ததா, அது திறந்திருந்ததா என்று ஒரு செய்தியிலாவது எழுதுவார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். யாரும் எழுதவில்லை.

ஏப்ரல் 26, திங்கள்

கொரோனா சிகிச்சை மையமாக மாற்றப்போகிற கல்லூரி விடுதியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த கட்டடம். தரைத்தளமும் மூன்று மாடியும், நடுவில் நடை, இரண்டு பக்கமும் அறைகள். கல்லூரிக்காரர்கள் எங்களை நேராக ஆடிட்டோரியத்துக்குத்தான் கூட்டிப் போனார்கள். முழுக்க ஏசி, அசையாத கண்ணாடி, கம்பளம். நூறு கட்டில் போடலாம் மேடம், குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்கள். கூட வந்த டாக்டரம்மாவுக்கும் அதில் ஆசை. கவச உடையை மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் நிற்பவருக்கு ஏசி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்த ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துத் திருப்பித் தரும், வெளிக்காற்று ஒரு சொட்டு வராது. நூறு பேர் இருமுவதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் மெஸ் ஹால் இருக்கிறது. அதை யாரும் காட்டவே இல்லை, நானாகத்தான் போய்ப் பார்த்தேன். பதினான்கு அடி உயரம், கிழக்கிலும் மேற்கிலும் வரிசையாக ஜன்னல். எண்ணெய்ப் பிசுக்கு, கரி, ஒரு மூலையில் உடைந்த கிரைண்டர். இதுதான் வார்டு என்றேன். கல்லூரிக்காரர் முகம் சுருங்கியது. சாப்பிடுகிற இடத்திலா என்றார்.

"சீனாவில் பத்து நாளில் ஆஸ்பத்திரியே கட்டினானே, நம்மால் முடியாதா?" என்று இன்றும் ஒருவர் கேட்டார். கட்டினார்கள்தான். வூஹானில் 1,000 படுக்கை, அதுவும் 2003 சார்ஸ் தொற்றுக் காலத்தில் பெய்ஜிங்கில் கட்டியதை முன்மாதிரியாக வைத்து. ஆனால் அதே ஊரில் விளையாட்டு அரங்கத்தையும் கண்காட்சிக் கூடத்தையும் 16 தற்காலிக ஆஸ்பத்திரிகளாக மாற்றிச் சுமார் 12,000 பேரைப் பார்த்தார்கள். அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. இந்த நேரத்தில் எங்களைப் போன்ற கட்டடக் கலைஞர்கள் செய்யக்கூடியது இரண்டாவது வேலையைத்தான். இருக்கிற கட்டடத்தை நடந்து பார்த்து, எது உதவும், எது ஆளைக் கொல்லும் என்று சொல்வது.

ஏப்ரல் 28

வரைபடம் முடிந்தது. நோயாளி ஒரு வழி, பணியாளர் ஒரு வழி. உடை மாட்டும் அறையும் கழற்றும் அறையும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம் என்று மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று.

மே 1

உலக சுகாதார நிறுவனம் நேற்றுத்தான் தன் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, காற்றோட்டம் இல்லாத, நெரிசலான அறைகளில் இது காற்றிலும் பரவும் என்று. இத்தனை மாதம் கழித்து! இன்று காலைகூட விடுதியில் ஒரு தம்பி முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு சுவர், படி, மரம் எல்லாவற்றுக்கும் ப்ளீச்சிங் அடித்துக்கொண்டிருந்தான். போன வருடம் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், ஊர் ஊராகப் பரவியது, அப்புறம் அரசே வேண்டாம் என்று சொன்னது. அந்தப் பணத்தில் எத்தனை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. மூன்றாவது மாடியில் பகல் இரண்டு மணிக்கு நிற்க முடியவில்லை. அங்கே நோயாளியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க மேஸ்திரி ஒத்துக்கொண்டார். இரண்டு கோட்டு.

மே 6

தண்ணீர்.

இரண்டு நாளாக இது ஒன்றுதான் மண்டையில். பாத்ரூம் தரையில் சல்லடை மூடி இருக்கிறதே, அதன் அடியில் நானி டிராப் என்கிற கிண்ணம், அதற்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் ஒரே கதவு. ஒரு வருடமாக யாரும் குளிக்காத விடுதியில் அது காயாமல் இருக்குமா?

2003இல் ஹாங்காங்கில் ஆமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300 பேருக்கு மேல் சார்ஸ் பிடித்தது. ஒருவர் வந்து தங்கினார், வயிற்றுப்போக்கு. பல வீடுகளில் தரை டிராப் காய்ந்திருந்தது. பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது குழாய்க்குள் இருந்த காற்றை வீட்டுக்குள் இழுத்தது, மிச்சத்தை வெளியே, வீடுகளுக்கு நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் குறுகிய குழிக்குள் தள்ளியது, அங்கிருந்து மேல் வீடுகளுக்கு. படித்த காலத்தில் பரீட்சைக்காகப் படித்தது. இப்போது எந்த பாத்ரூமுக்குள் போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.

இன்று பிளம்பரோடு அறை அறையாகப் போனேன். டார்ச் அடித்து மூடியைத் தூக்கினால் உள்ளே வெடித்த சேறு, செத்த கரப்பான். சில இடங்களில் டிராப்பே இல்லை, குழாய் நேராகக் கீழே போகிறது. கட்டும்போது காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாத்ரூம்களை இன்றே சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. மற்றதில் எல்லாம் தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். துப்புரவு செய்யும் அக்காவிடம் ஏன் என்றும் சொன்னேன். ஏன் என்று சொன்னதும் அவர், "அப்போ வாஷ் பேசின் அடியிலயும் பாக்கணுமே மேடம்" என்றார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர் யாரும் கேட்காத கேள்வி. பார்த்தோம், நான்கில் ஒன்றில் பாட்டில் டிராப் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மே 9

அம்மாவுக்கு பாசிட்டிவ். ஆக்சிஜன் அளவு 96.

மே 10

ஊரடங்கு. கும்பகோணம் போக முடியாது. போனாலும் அண்ணன் உள்ளே விட மாட்டான், சரிதான் அதுவும். அண்ணி காலையும் மாலையும் எண்ணை அனுப்புகிறார். 96. 95.

மே 12

இன்று ஜன்னல் கணக்கு. ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் மார்ச்சில் கொடுத்த அளவு. எதிரெதிர் ஜன்னல் இருந்தால் திறப்பின் பரப்பை (சதுர மீட்டரில்) காற்றின் வேகத்தால் பெருக்கி, 0.65ஆல் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். மெஸ் ஹாலில் எல்லாம் அலுமினிய ஸ்லைடிங். ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், ஒரு ஷட்டர் இன்னொன்றின் பின்னால் நிற்கும். அரை மீட்டர் வேகக் காற்றில் 2 சதுர மீட்டர் திறந்தால் 650 லிட்டர், பத்துப் பேருக்குத்தான் வருகிறது. அதே ஜன்னலில் ஷட்டரைக் கழற்றிவிட்டால் 4 சதுர மீட்டர், 21 பேர். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் வார்டு இரண்டு மடங்கு ஆகிறது! சாயங்காலமே கழற்றச் சொல்லிவிட்டேன். கழற்றியதை எல்லாம் எண் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் தார்ப்பாய். கொசு வரும், கொசுவலை கட்டிலுக்குத்தான், ஜன்னலுக்கு இல்லை. ஜன்னலில் வலை அடித்தால் காற்று குறைந்துவிடும்.

அம்மா 94.

மே 14

அண்ணனோடு சண்டை. வீட்டு முற்றத்தை மூன்று வருடம் முன்பு ஃபைபர் ஷீட் போட்டு மூடினான். மழை வருகிறது, குரங்கு வருகிறது, திருடன் வருவான். அப்போதே வேண்டாம் என்றேன். அம்மா படுத்திருக்கும் அறைக்கு அந்த முற்றம்தான் மூச்சு, வேறு ஜன்னல் தெருப் பக்கம் சின்னதாக ஒன்று. அந்த ஷீட்டைப் பிரி என்றால், "ஊரடங்குல எந்த ஆள் வருவான், நீ அங்க உக்காந்துக்கிட்டு பிளான் போடாத" என்கிறான். அவனும் தூங்கி நாளாகிறது. ஆனாலும் பிரி. தயவு செய்து பிரி.

93.

மே 15

ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு மெஸ் ஹாலில் காலையிலிருந்து நின்றேன். காலை பத்து மணிக்குப் புகை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. நர்ஸ் மேசையை மேற்கு ஓரத்தில் வைக்கலாம் என்று சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. ஒன்றரை மணிக்குப் பார்த்தால் புகை அப்படியே நின்று, சுழன்று, திரும்பி வருகிறது. கடல்காற்று தொடங்கிவிட்டது. கோடு போட்ட இடத்துக்கு இப்போது எல்லாக் கட்டிலின் காற்றும் வரும். சென்னையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் மத்தியானக் கடல்காற்று, ஆனால் அது நர்ஸின் மூக்குக்கு நேராக வரும் என்று புகையைப் பார்த்தால்தான் தெரிகிறது. மேசை ஹாலுக்குள் வேண்டாம். வடக்கு வாசலுக்கு வெளியே வராந்தாவில், நடுவில் கண்ணாடித் தடுப்பு. தெற்குச் சுவரில் நான்கு எக்ஸாஸ்ட், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வடக்கிலிருந்து தெற்கே கொஞ்சமாவது இழுக்கும். மாலை திரும்பவும் கொளுத்திப் பார்த்தோம். இழுத்தது. டாக்டரம்மா சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன், கண்ணில்தான் தெரிந்தது.

மே 16

ஷீட்டைப் பிரித்துவிட்டான். தானே ஏறி. போட்டோ அனுப்பினான், ஒன்றும் எழுதவில்லை. முற்றத்தில் வெயில் விழுகிறது.

மே 18

பின்படியில் பூட்டு. முதல் நாளே சொன்னேன். பெண்கள் விடுதி மேடம், பாதுகாப்புக்கு என்றார்கள். இப்போது அங்கே மாணவிகள் யாரும் இல்லை, ஆக்சிஜன் இருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் கேட்டில், கேட் அரை ஃபர்லாங் தூரம். போன ஆகஸ்டில் விஜயவாடாவில் கொரோனா மையமாக மாற்றிய ஹோட்டலில் விடியற்காலையில் தீ, ஆட்கள் மாடியிலிருந்து குதித்தார்கள். எத்தனை பேர் சாக வேண்டும் ஒரு பூட்டு திறக்க?

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 90.

மே 19

பூட்டு இன்னும் இருக்கிறது.

மே 21

தமிழ்நாட்டில் இன்று மட்டும் 36,184 பேருக்குத் தொற்று.

மே 23

தாம்பரம் சானடோரியம் வழியாக வந்தேன். தினமும் வருகிற வழிதான். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக ஊருக்கு வெளியே காட்டில் ஆரம்பித்த இடம், இன்றைக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அப்போது மருந்து கிடையாது, காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம், அதனால் கட்டடமே வைத்தியம். பெரு நாட்டின் லிமா நகரில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில் காற்று இயந்திரத்தால் காற்றோட்டம் தரும் புதிய அறைகளைவிட அதிகம் மாறுகிறது.

அதே நேரம் இதையும் மறக்கக் கூடாது. 1950களின் பிற்பாதியில் சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் ஒரு ஆய்வு நடந்தது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம். மருந்து வந்துவிட்டால் ஜன்னலை யாரும் நினைப்பதில்லை. அதற்கு அப்புறம்தான் நாம் நடுவில் நடை வைத்து, ஏசி வைத்து, ஜன்னலைச் சின்னதாக்கி, முற்றத்தை மூடிக் கட்ட ஆரம்பித்தோம். எங்கள் ஆட்கள் கட்டியதுதான் எல்லாம். மருந்து இல்லாத ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்று வரைகிற மேசையில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

91. அண்ணி குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

மே 24

பூட்டை உடைத்தாகிவிட்டது. தாசில்தார் நேரில் வந்தார், காட்டினேன், வெல்டரைக் கூப்பிட்டு அந்த இடத்திலேயே கிரில்லை அறுக்கச் சொன்னார். வாழ்க.

மே 27

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிகள் வந்திருக்கின்றன, இருபது. எல்லோருக்கும் சந்தோஷம், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் பயம். ஒன்று 350 வாட் என்றால் இருபதுக்கு 7 கிலோவாட், அதை ட்யூப்லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட ஒயரில் மாட்டப் பார்க்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று மூன்றாக. ஆக்சிஜன் பக்கத்தில் ஒயர் சூடாவது என்றால் என்ன என்று விராருக்கு அப்புறமும் சொல்லித்தர வேண்டுமா? தனி ஒயர், தனி எம்சிபி (சுமை கூடினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடும் வரை எட்டுக்கு மேல் ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ராத்திரி பதினொன்று வரை எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒயர் இழுத்தார், நான் டார்ச் பிடித்தேன்.

ஜூன் 2

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். 95. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், குரங்கு வருகிறதாம், வரட்டும்.

ஜூன் 3

நானி டிராப்பில் தண்ணீர் ஊற்றும் பதிவேட்டில் மூன்று நாள் காலி. அக்காவுக்குக் காய்ச்சல். வேறு யாரையும் போடவில்லை. இன்று நானே ஊற்றினேன்.

ஜூன் 11

நோயாளிகள் குறைகிறார்கள். விடுதியைத் திருப்பிக் கேட்டு இப்போதே கடிதம் வந்துவிட்டது. சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டுமாம், பின்படிக் கிரில்லைத் திரும்ப வைத்துப் பூட்ட வேண்டுமாம், மெஸ் ஹால் ஷட்டர்களை மாட்டி, அடுத்த வருடம் அங்கே ஏசி வைக்கப்போகிறார்களாம், அதற்கு ஜன்னல்களை அடைக்க என்னிடமே வரைபடம் கேட்கிறார்கள். வரைய மாட்டேன் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், காரணத்தோடு, கணக்கோடு. நாளை காலை டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.