யார் பார்த்துக்கொள்வார்கள்?

பிரான்சில் கோடைகால மொழி முகாம் என்றதும் புதுச்சேரியிலும் கடலூரிலும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றி இல்லை. "கூட யாருங்க போறாங்க? நல்லா பார்த்துக்குவாங்களா?" என்பதுதான். அடுத்தது சாப்பாடு. பிள்ளை எவ்வளவு பிரெஞ்சு பேசிக்கொண்டு திரும்பும் என்ற கேள்வி, விமான டிக்கெட் எடுத்த பிறகு ஞாபகம் வந்தால் உண்டு. பிள்ளைகளை அழைத்துப்போகும் வேலையில் இருப்பவர்களுக்கு இதிலுள்ள சங்கடம் தெரியும். முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு திருப்தியான பதில் கொடுத்து, கூடப் போகும் பெரியவர் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்தால், பிள்ளை பத்திரமாகத் திரும்பும். வாயில் பிரெஞ்சு மட்டும் வராது.

சிக்கல் தேதி குறிப்பதிலேயே ஆரம்பிக்கிறது. நமக்கு விடுமுறை ஏப்ரல் கடைசி, மே, ஜூன் தொடக்கம். அங்கே கோடை விடுமுறை ஜூலை முதல் வாரத்தில்தான் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை போகும். விளம்பரத் தாளில் வரும் படகு, கூடாரம், பல நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஜூலைப் படங்கள். மே மாதம் போகும் நம் குழுவுக்குக் கிடைப்பது மொழி மையத்தில் வகுப்பும், உள்ளூர்க் குடும்பத்தில் தங்கலும். விஷி, தூர் போன்ற ஊர்களில் வருடம் முழுக்க இயங்கும் மையங்கள் இருக்கின்றன. ஆனால் தங்கும் வீட்டுப் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். புதன்கிழமை மதியம் பலருக்கு ஓய்வு. மற்ற நாட்களில் மாலை ஐந்துக்கு மேல்தான் கண்ணில் படுவார்கள். போதாததற்கு மே 1, மே 8, அசென்ஷன் வியாழன் என்ற கிறிஸ்தவப் பண்டிகை மூன்றும் அரசு விடுமுறை. அசென்ஷனுக்கு மறுநாள் வெள்ளியையும் சேர்த்து மூடிவிடும் இடங்கள் உண்டு. இரண்டு வாரப் பயணத்தில் வகுப்பே பத்து நாள்தான். அதில் இரண்டு போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஈடு வகுப்பு உண்டா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "வாரம் 20 வகுப்பு" என்று போட்டிருந்தால் ஒரு வகுப்பு எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். 45 நிமிடம் என்றால் மொத்தம் 15 மணி நேரம்தான்.

ஜூலையில் போகலாமே என்றால் பள்ளியில் வருகைப் பதிவு இடிக்கிறது. சிபிஎஸ்இ 75 சதவீதம் கேட்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்ற கூட்டம். நேரமும் இருக்கிறது, வயதும் சரி.

காகித வேலை ஆறு மாதத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். பிரான்சுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி வரம்பு 15 நாள். கோடை நெரிசலில் அந்தக் கடைசி வரம்பை நம்பி யாரும் உட்காரக் கூடாது. பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகிறதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். மைனர் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதால், ஐந்தாம் வகுப்பில் சிங்கப்பூர் போக எடுத்தது இப்போது முடியும் தறுவாயில் கிடக்கும். 12 வயதிலிருந்து கைரேகை உண்டு. பிள்ளை நேரில் வந்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பள்ளி மாணவர்கள் படிப்புக்காகப் போனால் விசா கட்டணம் கிடையாது என்று விசா விதிகளில் இருக்கிறது. விண்ணப்பம் வாங்கும் விசா சேவை மையத்தின் கட்டணம் தனி. மொழி மையத்தின் கடிதத்தில் வகுப்பு நேரம், பாட நாட்கள், மாணவர் பெயர்ப் பட்டியல் தெளிவாக இருந்தால்தான் அந்தச் சலுகையைக் கேட்க வாய் வரும்.

இவற்றையெல்லாம்விட அதிக நாள் தின்பது பெயர். நம் ஊரில் பையன் எஸ். கார்த்திக். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. விமானக் கம்பெனிகளோ ஆளுக்கொரு வழக்கம் வைத்திருக்கின்றன. ஒரே விதிதான்: எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. மொழி மையத்துக்கு மட்டும் "கூப்பிடும் பெயர்" என்று தனி வரிசை ஒன்று சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் ஆசிரியர் "செல்வராஜ்" என்று கூப்பிடுவார். அது அப்பா பெயர் என்பதால் பையன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் வீடுகளில் சம்மதக் கடிதக் கையெழுத்துக்கே மூன்று வாரம் ஆகும். அதை முதலில் முடியுங்கள்.

புதுச்சேரிக் குழுவுக்கே உரிய விசேஷம் ஒன்று உண்டு. சொல்தா குடும்பத்து, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வருவார்கள். அவர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் வீட்டில் காப்பீட்டையும் விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சுக் குடிமகன் என்பதாலேயே அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. இங்கேயே வளரும் பிள்ளைக்குப் பயணக் காப்பீடு மற்றவர்களைப் போலவே அவசியம். திரும்பி வரும்போது இந்தியாவுக்குள் நுழைய ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விசாவோ கையில் இருக்க வேண்டும். போகும்போது யாரும் நினைக்காத அட்டை அது.

அடுத்தது தகுதித் தேர்வு. அழைத்துப்போகிறவர்கள் பலர் இதை ஒரு சடங்காகக் கழித்துவிடுகிறார்கள். பயணத்தில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் ஏராளம். 95க்கு மேல் வாங்கும் பிள்ளைக்கு வினைச்சொல் திரிபுகள் தலைகீழாகத் தெரியும். ரொட்டிக் கடையில் வாய் திறக்காது. மையங்கள் இணையத்தில் அனுப்பும் தேர்வு எழுத்துத் தேர்வு. அதில் ஏ2, பி1 என்று நடுத்தர மொழிநிலை வந்து, மேல் வகுப்பில் போய் உட்கார்ந்து, மூன்று நாள் ஊமையாக இருந்துவிட்டு, "டீச்சர் ரொம்ப வேகமா பேசுறாங்க" என்பார்கள். வேகம் சாதாரண வேகம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிட வீடியோ நேர்காணல் வேண்டுமென்று மையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். எழுத்தும் பேச்சும் ஒரு படி வேறுபட்டால், பேச்சின் படியில் போடச் சொல்லுங்கள். பெற்றோருக்கு இது பிடிக்காது. கீழ் வகுப்பில் போட்டது மாதிரி தோன்றும். ஆனால் அங்கே தினமும் பேசுகிற பிள்ளை, மேலே வாயடைத்து உட்கார்ந்த பிள்ளையைவிட நிறையக் கொண்டுவருகிறது.

மேற்பார்வை என்பதற்குப் பிரான்சில் சட்டமே இருக்கிறது. ஏழு பிள்ளைகளுக்குக் குறையாமல், மூன்று இரவுக்கு மேல் தங்கும் விடுமுறை முகாமை அரசிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 12 பேருக்கு ஒரு 'அனிமத்தேர்', அதாவது முகாமில் பிள்ளைகளைக் கவனிப்பவர், கட்டாயம். அவர்களில் பாதிப்பேராவது பாஃபா என்ற சான்றிதழோ அதற்கு ஈடானதோ பெற்றிருக்க வேண்டும். அந்த வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனி இடத்தில் தூங்க ஏற்பாடு இருக்க வேண்டும். நம் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில். ஜூலை முகாம் என்றால் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. கூடப் போகும் நம்மவர் அதன் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும்.

மே மாதக் குடும்பத் தங்கலில்தான் ஓட்டை. வகுப்பு நேரத்துக்கு மையம் பொறுப்பு. இரவுக்குக் குடும்பம் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பேருந்து ஏறி, மாலை வீடு சேரும்வரையுள்ள இடைவெளிகளுக்கு யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருக்காது. நம்மவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்: பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, வகுப்பு முடிந்து உணவுவிடுதிக்குப் போகும் வழி. வகுப்பறைக்குள்ளும் சாப்பாட்டு மேசையிலும் அவருக்கு வேலை இல்லை. முதல் இரண்டு நாள் நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றால் பிள்ளை ஓட்டுநரிடம் கேட்காது, நம்மிடம்தான் கேட்கும்.

வீடு ஒதுக்குவதில் எப்போதும் இழுபறி. "ரெண்டு ரெண்டு பேரா போடுங்க சார், பயப்படாம இருப்பாங்க" என்பார்கள். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அறையில் என்றால் அந்த வீட்டில் பேசுமொழி தமிழாகிவிடும். நம் பிள்ளை ஒன்று, ஜெர்மனியோ பிரேசிலோ வேறு நாட்டுப் பிள்ளை ஒன்று என்று கேட்டு வாங்கலாம். அதற்குப் பெற்றோர் இசையாவிட்டால் தனித்தனி வீடு, ஆனால் ஒரே பேருந்துத் தடம், நடந்து போகிற தூரம். இந்தச் சமரசத்துக்குப் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

குடும்பங்களிடமிருந்து மையத்துக்கு வரும் புகாரில் முதலிடம் குளியலறைக்கு. அங்கே குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போகும் துவாரமே இருக்காது. திரைச்சீலையின் அடிப்பகுதியைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் தரையில் நின்று கீழ்த்தளக் கூரை ஊறும். வெந்நீர் ஒரு தொட்டியளவுதான் சேர்ந்திருக்கும். நம் பிள்ளை இருபது நிமிடம் நின்றால் அடுத்து வேலைக்குக் கிளம்புகிறவருக்குப் பச்சைத் தண்ணீர். ஏழு நிமிடம் என்று இங்கேயே பழக்கிவிடலாம். தேங்காயெண்ணெய் தலைக்குத் தலையணை உறை இரண்டு கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டு அம்மாவின் முகம் மலரும்.

நீச்சல் குளத்துக்குப் போகிற அன்று இன்னொன்று. நம் பையன்கள் கொண்டுவரும் முழங்கால்வரை தொங்கும் ஷார்ட்ஸ் பெரும்பாலான பொதுக் குளங்களில் செல்லாது. உடலோடு ஒட்டிய நீச்சல் ஜட்டியும் பல இடங்களில் தொப்பியும் வேண்டும். முகாமில் படகு விளையாட்டு என்றால் ஒரு தேர்வு உண்டு: தண்ணீரில் குதிக்க வேண்டும், மல்லாந்து 5 விநாடி மிதக்க வேண்டும், நிமிர்ந்து 5 விநாடி நிலைகொள்ள வேண்டும், குப்புற 20 மீட்டர் நீந்த வேண்டும், ஒரு மிதவைக் கோட்டின் அடியில் புகுந்து வெளியே வர வேண்டும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள்தான், ஆனால் நம் கடல் நீச்சல் பழகும் கடல் இல்லை. பிப்ரவரியிலேயே ஏதாவது குளத்தில் சேர்த்துவிட்டால் படகு கரையிலிருந்து பார்ப்பதற்கானதாக ஆகாது.

சைவம் என்று படிவத்தில் எழுதினால் மீன் வரும். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை சரி" என்று உருப்படியாக எழுத வேண்டும். முட்டையும் பாலாடையும் போட்ட கீஷில் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும், மிட்டாயில் ஜெலட்டின். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'ஸ்தேக் அஷே' (அரைத்த மாட்டிறைச்சி) என்ற பெயரைத் தெரிந்துகொண்டு போனால் போதும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி தாராளமாகப் போகும். பால்கோவா, நெய் எடுத்துவைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் பயணப் பையில் வரக் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது.

பிறகு போன். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணி. அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே இரவு பத்து. இரவு உணவுக்கு முன், ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம் என்று வைத்தால் பிள்ளை பேசிவிட்டு மேசைக்குப் போய்விடும். சாப்பிட்டபின் வீடியோவில் உட்கார்ந்தால், வீட்டார் அரட்டையடிக்கும் நேரம், அதாவது காசு கொடுத்து வாங்கிய வகுப்பைவிட மதிப்பான ஒரு மணி நேரம், அறைக்குள் தமிழில் கரையும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் தூக்கமும் கெடும். வீட்டு ஏக்கம் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை உச்சத்தில் இருக்கும். முதல் ஞாயிறு அதில் விழுந்தால் இன்னும் கனக்கும், கடைகள் மூடி ஊரே அமைதியாகக் கிடக்கும். உடனே குழுவைக் கூட்டிக்கொண்டு பாரீசுக்குக் கிளம்பும் வழக்கம் தவறு என்பதே பலருடைய முடிவு. அந்த ஞாயிறு மதியம் பாட்டி வீட்டு விருந்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைதான் திங்கள்கிழமை வகுப்பில் வாய் திறக்கிறது. ஈபிள் கோபுரப் படத்தைத் திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மவர் தயங்காமல் நடுவில் புக வேண்டிய இடம் உடல்நலம். நம் மருந்துக் கடைகளில் அட்டையில் நான்கு மாத்திரை வெட்டிக் கொடுப்பார்கள். முகாமில் அதை வாங்க மாட்டார்கள். முழு அட்டை, அசல் பெட்டி, அதன்மேல் பிள்ளையின் பெயர், டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர் எழுதி வாங்குங்கள். டோலோ என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் தெரியும். நள்ளிரவில் மூச்சுத் திணறல் மாதிரி ஏதாவது என்றால் போனில் 15 அல்லது 112 என்ற அவசர எண். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊர் டாக்டர், 2024 டிசம்பரிலிருந்து கட்டணம் 30 யூரோ; கையில் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அங்குள்ள காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு அவர் தரும் 'ஃபோய் த சுவான்' என்ற தாளை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். மருந்துச் சீட்டு, மருந்துக் கடை ரசீதோடு சேர்த்து அதையும் புதுச்சேரியில் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும். ஊர் வந்தபின் அந்தத் தாளுக்காக மின்னஞ்சல் அனுப்பினால் ஆகஸ்ட் மாதம் என்றால் பதிலே வராது, டாக்டரும் விடுமுறையில் இருப்பார்.